செல்வந்தர் கொடையும் நம் கிளினிக்கும்: வாசகர் கேள்வி–பதில்

பில் கேட்ஸ் தம் அறக்கட்டளையின் பணம் முழுவதையும் செலவிட்டு, 2045ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதை மூடிவிடப் போவதாக 2025 மே மாதம் அறிவித்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு மருத்துவ உதவியை வெட்டியது. இவ்விரண்டையும் இப்பகுதியில் குறிப்பிட்டதிலிருந்து, உலகப் பெருஞ்செல்வந்தர்கள் மருத்துவத்துக்குக் கொடுப்பதைப் பற்றி டர்பனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. இம்மாதப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டுமே தருகிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற செவிலி. என் பணிக்காலத்தில் எத்தனையோ வெளிநாட்டுத் திட்டங்கள் பெயர்ப்பலகையோடு வந்தன. பலகை வெளுப்பதற்கு முன்பே போய்விட்டன. கேட்ஸ் அறக்கட்டளையும் ஒருநாள் மூடப்படும் என்றால், அதை நம்பியிருக்கும் நம் கிளினிக்குகளின் கதி என்ன ஐயா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: அம்மா, நம் கிளினிக்குகள் அவரை நம்பி நடக்கவில்லை. உங்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது கருவூலம். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோய்க்கு ஆகும் செலவில் பெரும்பங்கை அரசே வரிப்பணத்திலிருந்து ஏற்கிறது. அமெரிக்காவின் பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டத்தின் பங்கு ஏறக்குறைய 17 விழுக்காடு. அதனால்தான் 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அண்டை நாடுகள் சிலவற்றில் ஏற்பட்ட அளவுக்கு இங்கே மாத்திரைக்குத் தட்டுப்பாடு வரவில்லை. ஆனால் மாத்திரையைச் சுற்றியிருந்த ஆட்கள் போய்விட்டார்கள். நோயாளியின் பதிவைக் கணினியில் ஏற்றுபவர், மருந்து வாங்க வராதவரைத் தேடி வீட்டுக்குப் போகிறவர், இரத்தச் சோதனைக்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் என்று ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். மாத்திரை அலமாரியில் இருக்கிறது, அதை வாங்க வேண்டியவர் வரவில்லை என்றால் அது யார் கண்ணிலும் படுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது மூடுவிழாவுக்கு வருவோம். கேட்ஸ் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. முதல் 25 ஆண்டுகளில் 10,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. அடுத்த 20 ஆண்டுகளில் அதைப்போல் இருமடங்கு, அதாவது 20,000 கோடி டாலர் கொடுப்பதாகச் சொல்கிறது. பழைய அறக்கட்டளைகளின் வழி வேறு. 1913இல் தொடங்கிய ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும், மருந்து வணிகர் ஹென்றி வெல்கம் 1936இல் இறந்தபோது அவருடைய உயிலின்படி உருவான வெல்கம் அறக்கட்டளையும் முதலைப் பங்குச் சந்தையில் போட்டுவைத்து, அதில் விளைவதைக் கொண்டே தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளை ஆண்டுதோறும் தன் சொத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைச் செலவிட்டால் போதும். மீதி வளர்ந்துகொண்டே இருக்கலாம்.

முதலோடு சேர்த்துச் செலவிட்டு முடிக்கும் வழியே நல்லது என்பது என் கருத்து. ஆனால் முடிவு என்று ஒன்று உள்ள வேலைகளுக்கு மட்டுமே அது நல்லது. இளம்பிள்ளை வாதத்தைப் பாருங்கள். 1988இல் உலகில் ஆண்டுக்கு 3,50,000 பேரை முடக்கியதாகக் கணக்கிடப்பட்ட நோய் அது. ரோட்டரி சங்கங்கள் தொடங்கிவைத்து, அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து செலவிட்டதில், இந்தியா 2014இலும் ஆப்பிரிக்கக் கண்டம் 2020இலும் இயற்கையான போலியோ கிருமி அற்றவை என்று சான்று பெற்றன. இன்று அக்கிருமி பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே நிலைகொண்டிருக்கிறது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மையம் 1986இல் கையில் எடுத்த நரம்புச் சிலந்தி நோய், ஆண்டுக்கு 35 லட்சம் பேரிலிருந்து 2024இல் 15 பேராகக் குறைந்தது. இவற்றுக்கு ஒரு கடைசி நோயாளி உண்டு. செவிலியின் சம்பளத்துக்கோ பிரசவ அறையின் மின்கட்டணத்துக்கோ அப்படியொரு கடைசி நாள் கிடையாது. அவற்றைக் கொடையாளர் தலையில் வைக்கும் அரசுதான், பலகை வெளுப்பதற்கு முன்பே தவிக்கிறது.

கேள்வி: மருந்து விலையைக் குறைத்தோம் என்று இந்த அறக்கட்டளைகள் பெருமைப்படுகின்றன. வியாபாரியான எனக்கு ஒன்று விளங்கவில்லை. இவர்கள் மருந்தை வாங்கி இலவசமாகக் கொடுக்கிறார்களா, அல்லது நட்டத்தை ஈடுகட்டுகிறார்களா? (டொங்காட்)

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. வியாபாரி என்பதால் உங்களுக்கு விளக்குவது எளிது. ஆயிரம் மூட்டை எடுக்கிறேன், விற்காவிட்டால் பொறுப்பு என்னுடையது என்று ஒருவர் முன்னால் நின்று உறுதி சொன்னால், மொத்த வியாபாரி மூட்டையின் விலையைக் குறைப்பார் அல்லவா? செல்வந்தர் இங்கே வாங்குபவரும் அல்லர், விற்பவரும் அல்லர், உறுதி சொல்பவர்.

ஆனால் கதை அவர்களிடம் தொடங்கவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் எச்.ஐ.வி. மருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆயிற்று. மலிவான மருந்துக்கு வழிசெய்யும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் நம் அரசின்மேல் வழக்குத் தொடுத்திருந்தன. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. தெருவில் மக்கள் திரண்டார்கள்; உலகெங்கும் கண்டனம் எழுந்தது; 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. விலையின் முதுகெலும்பை முறித்தது போராட்டமும் இந்தியப் போட்டியும்தான். அறக்கட்டளைகள் அதற்குப் பிறகே வந்தன.

வந்தபின் செய்தவை சிறிய வேலைகள் அல்ல. டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த, ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்ற மாத்திரையை ஆண்டுக்கு ஏறத்தாழ 75 டாலருக்குக் கொண்டுவந்த 2017ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், தென்னாப்பிரிக்க, கென்ய அரசுகளோடு கேட்ஸ் அறக்கட்டளையும் கிளிண்டனின் மருத்துவ அமைப்பும் நின்றன. காசநோய்க்கு ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற கருவி வந்ததே, அதில் சளியைக் கலந்து ஊற்றும் சிறு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று உண்டு; இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய் உண்டா என்பதையும், ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துக்குக் கிருமி மடியுமா என்பதையும் சொல்லிவிடும். முன்பு இந்த விவரத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியபின் எறிய வேண்டிய அப்பெட்டியின் விலை 16.86 டாலராக இருந்தது. கேட்ஸ் அறக்கட்டளை, அமெரிக்க அரசு, யுனிட்எய்ட் என்ற பன்னாட்டு மருத்துவ நிதி அமைப்பு ஆகியவை சேர்ந்து பணம் கட்டி 2012இல் அதை 9.98 டாலராக்கின. 2023இல் அது 7.97 டாலருக்கு இறங்கியது; அந்த இறக்கத்துக்குக் காரணம் கொடை அல்ல, நிறுவனத்தின் அடக்க விலையைக் கணக்குப் போட்டுக் காட்டிய இயக்கங்களின் நெருக்குதல்.

அண்மைய எடுத்துக்காட்டு லெனாகபாவிர் என்ற ஊசி. ஆண்டுக்கு இருமுறை போட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கிறது. அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,000 டாலரைத் தாண்டுகிறது. ஐதராபாத்தின் ஹெட்டெரோ நிறுவனம் கேட்ஸ் அறக்கட்டளையின் துணையோடும், அதே நகரத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் யுனிட்எய்ட், கிளிண்டன் அமைப்பு, ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் ஆகியவற்றின் துணையோடும், 2027 முதல் அதை ஏறத்தாழ 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தன. 28,000 எங்கே, 40 எங்கே? இந்த இடைவெளியைப் பார்க்கும்போது கொடையாளரைப் பாராட்டத் தோன்றுகிறது. பழைய விலையை வைத்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவும் தோன்றுகிறது.

கேள்வி: மருத்துவம் படிக்கிறேன். ராக்ஃபெல்லர் பணம் ஒரு காலத்தில் நம் டர்பன் மருத்துவக் கல்லூரிக்கும் வந்தது என்று பேராசிரியர் ஒருவர் சொன்னார். உண்மையா? (வெஸ்ட்வில்)

பதில்: உண்மைதான். நல்ல கொடையும் எங்கே தடுக்கி விழும் என்பதற்கு அது எடுத்துக்காட்டும்கூட.

நேட்டாலின் புல்வர் ஊருக்கு அருகில் போலேலா என்னுமிடத்தில் 1940இல் அரசு ஒரு சுகாதார நிலையம் தொடங்கியது. அதை நடத்திய சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர், நோயாளி வரும்வரை காத்திருக்காமல், ஊர் முழுவதையும் கணக்கெடுத்து, எந்தக் குடிசையில் பால் இல்லை, எந்தக் குடிசையில் கழிப்பிடம் இல்லை என்று அறிந்து அங்கிருந்து மருத்துவத்தைத் தொடங்கினார்கள். காய்கறித் தோட்டம் போடச் சொல்வதும் அவர்களுக்கு மருத்துவம்தான். வெள்ளையர் அல்லாதாருக்கென 1951இல் தொடங்கிய டர்பன் மருத்துவக் கல்லூரியில், இந்த முறையைக் கற்பிக்க ஒரு துறையை உருவாக்க 1950களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஜாக் கைகர் என்ற அமெரிக்க மாணவர் 1957இல் இங்கு வந்து கற்றுக்கொண்டு போய், பின்னாளில் தம் நாட்டில் ஏழைகளுக்கான சமூக மருத்துவ நிலையங்களைத் தொடங்கினார். மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பின மக்களுக்குக் கிடைத்த மருத்துவத்துக்குப் பாட்டன் ஊர் நம் போலேலா.

இங்கே என்ன ஆயிற்று? நிறவெறி அரசுக்கு இந்த முறை பிடிக்கவில்லை, ஆதரவைச் சுருக்கியது. கார்க் தம்பதியர் 1950களின் இறுதியில் நாட்டை விட்டுப் போனார்கள். பணம் கொடுத்தவரின் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளூர் அரசு ஏற்று நடத்தாவிட்டால் அந்த வேலை வேறு மண்ணில்தான் காய்க்கும்.

ராக்ஃபெல்லர் பணத்துக்கும் தமிழருக்கும் இதைவிடப் பழைய தொடர்பு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்திலேயே அவர்களுடைய ஆட்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், நம் தொழிலாளருக்குக் கொக்கிப்புழு மருந்து கொடுத்தார்கள். புழு வெளியேறியது, கழிப்பிடமும் செருப்பும் இல்லாததால் அதே கால்கள் வழியாகத் திரும்பவும் ஏறியது. கழிப்பிடம் கட்டும் செலவுக்குத் தோட்ட முதலாளிகள் பலர் எளிதில் இசையவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் 1930களில் உருவாக்கி, 1951இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் தெய்லர் 1899இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர். அந்தத் தடுப்பூசியின் வழிவந்ததைத்தான் உலகம் இன்றும் போட்டுக்கொள்கிறது. உலகின் முதற்பெரும் செல்வந்தர் என்று இப்போது பேசப்படும் எலான் மஸ்க்கும் அதே பிரிட்டோரியாவில் பிறந்தவர். 2025இல் அமெரிக்க உதவி நிறுவனத்தை மூடும் வேலையில் முன்னின்றவர்.

கேள்வி: தடுப்பூசி ஆராய்ச்சி, ஊசி ஆராய்ச்சி எல்லாம் ஏன் நம் மாகாணத்திலேயே நடக்கின்றன? வெளிநாட்டுப் பணக்காரர்களுக்கு நம் மக்கள் சோதனை எலிகளா? (மெரிபேங்க்)

பதில்: நோய் எங்கே மிகுதியோ, அங்கேதான் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க முடியும். 2005, 2006 ஆண்டுகளில் நம் மாகாணத்தின் துகேலா ஃபெரி ஊரின் மருத்துவமனையில், ஏறக்குறைய எந்த மருந்துக்கும் மடியாத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, அமெரிக்காவின் ஹவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் டர்பன் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் காசநோய், எச்.ஐ.வி. ஆய்வு நிலையம் ஒன்றைக் கட்டியது. ஹவர்ட் ஹியூஸ் விமானமும் திரைப்படமும் செய்து பொருள் சேர்த்தவர். அந்நிலையம் 2016இல் வெல்கம் அறக்கட்டளையின் வடக்கு நேட்டால் மையத்தோடு இணைந்து, இன்று ஆப்பிரிக்கச் சுகாதார ஆய்வு நிலையம் என்ற பெயரில் இயங்குகிறது.

சோதனைக்கு உட்பட்டவர்களுக்கு அதன் பயன் கிடைக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான் மேலே சொன்ன லெனாகபாவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள், ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை என்று 2024இல் முடிவு வந்தது. தங்கள் கையை நீட்டி அதை மெய்ப்பித்த பெண்களின் நாட்டுக்கு மலிவு விலை 2027இல்தான் வருகிறது. காசநோய்க்கு பி.சி.ஜி.க்கு அடுத்த தடுப்பூசியாக எம்72 என்பதை இப்போது சோதிக்கிறார்கள். கேட்ஸ் அறக்கட்டளையும் வெல்கமும் 55 கோடி டாலர் தருவதாக 2023இல் அறிவித்தன, முதல் ஊசி 2024இல் தென்னாப்பிரிக்காவில் போடப்பட்டது. பி.சி.ஜி. முதன்முதலில் மனிதருக்குக் கொடுக்கப்பட்டது 1921இல். நூறாண்டாக இன்னொன்று வராததற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, காசநோயாளிகள் வாங்கும் சக்தியற்றவர்கள் என்பது. இப்படிச் சந்தை திரும்பிப் பார்க்காத இடத்தில் செல்வந்தர் பணம் இறங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது வெற்றி பெற்றால் என்ன விலைக்கு, எந்த ஆண்டில், எந்தக் கிளினிக்கில் கிடைக்கும் என்பதை இப்போதே எழுதி வாங்க வேண்டியது நம் அரசின் கடமை.

கேள்வி: நம் நாட்டுச் செல்வந்தர்கள் எதுவும் கொடுப்பதில்லையா? (ஐசிப்பிங்கோ)

பதில்: கொடுக்கிறார்கள். சொத்தில் பாதியையாவது கொடுப்பதாக உறுதியளிக்கும் ‘கிவிங் பிளெட்ஜ்’ அமைப்பில் பாட்ரிஸ் மொட்செபே 2013இல் சேர்ந்தார். அது சட்டம் அல்ல, சொல் மட்டுமே. 2020 கொரோனாக் காலத்தில் ரூபர்ட், ஓப்பன்ஹைமர், மொட்செபே குடும்பங்கள் தலா 100 கோடி ராண்ட் அறிவித்தன; முதல் இரண்டும் சிறுதொழில்களுக்குப் போனவை. நம் கண்ணெதிரே இருப்பதையும் மறக்க வேண்டாம்: வழக்குரைஞர் ஆர்.கே. கான் தம் உயிலில் விட்டுச்சென்ற பணத்தில் பிறந்த அறக்கட்டளையின் பெயரைத்தான் சாட்ஸ்வொர்த் மருத்துவமனை தாங்கி நிற்கிறது. அது 1969இல் திறந்தது. அதை நடத்துவது மாகாண அரசு.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆயா, அம்மா, நான் என்று மூன்று தலைமுறைக்கும் சர்க்கரை நோய். எய்ட்ஸுக்கும் காசநோய்க்கும் கோடி கோடியாகக் கொட்டுகிறவர்கள் சர்க்கரை நோயை ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை? (ஃபீனிக்ஸ்)

பதில்: இம்மாதம் வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், அம்மா.

நம் நாட்டில் சர்க்கரை நோய் இந்திய வம்சாவளியினரிடமே மற்றவர்களைவிட மிகுதி. நாட்டின் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பெண்களின் இறப்புக்கு முதற்காரணமும் அதுவே. ஆனால் உலகில் நாடு விட்டு நாடு போகும் மருத்துவ உதவியில் சர்க்கரை, இதயநோய், புற்றுநோய் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைப்பது மிகச் சிறு துளி. காரணம் கொடையாளரின் மனப்போக்கில் இருக்கிறது. அவர்கள் தொழிலில் வெற்றி கண்டவர்கள். ஒரு டாலருக்கு எத்தனை உயிர் என்று எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கு அந்தக் கணக்கு உடனே விடை தருகிறது. சர்க்கரை நோயாளிக்கோ வாழ்நாள் முழுவதும் மருந்து, கால் பரிசோதனை, கண் பரிசோதனை, சாப்பாட்டைப் பற்றிய பேச்சு என்று எல்லாம் வேண்டும். ரிப்பன் வெட்ட ஒரு நாள் கிடைக்காது. காசநோய்க்குக் கொடுப்பவர்களாவது இதைக் கவனித்திருக்க வேண்டும்: சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் அபாயம் இரண்டு மூன்று மடங்கு.

2024இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் அரசு மருத்துவமனைகளுக்கு இன்சுலின் பேனாக்களைத் தந்துவந்த டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்த விலைக்குக் கொடுக்க வேறு நிறுவனமும் வரவில்லை. பேனாவில் எண்ணைத் திருப்பி, ‘டக் டக்’ என்ற ஒலியை எண்ணியே அளவு வைத்துக்கொண்ட முதியவர்கள், மீண்டும் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசிக்குழாயில் உள்ள மெல்லிய கோடுகளைப் பார்த்து மருந்தை இழுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை நோய் கண்ணையும் மங்கச் செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உலகின் மிகச் செல்வம் மிக்க அறக்கட்டளைகளுள் ஒன்றான நோவோ நோர்டிஸ்க் அறக்கட்டளை. அதே 2024 மே மாதத்தில், அது கேட்ஸ் அறக்கட்டளையோடும் வெல்கமோடும் கைகோத்து, உலக மக்களின் உடல்நலத்துக்கென மூவரும் சேர்ந்து 30 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. ஒரு கை கொடுக்கும் அறிவிப்பைப் படிக்கும்போது, மறு கை என்ன செய்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை இதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

விதிவிலக்கு ஒருவர் உண்டு. நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க், புகையிலைக்கும் சர்க்கரைப் பானங்களுக்கும் எதிரான சட்டங்களுக்காகப் பல நாடுகளில் செலவிடுகிறார்; தென்னாப்பிரிக்காவும் அவற்றுள் ஒன்று. இனிப்புப் பானங்களின்மேல் 2018 ஏப்ரலில் வந்த வரி, 100 மில்லிலிட்டரில் 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2.1 சென்ட் என்று தொடங்கியது. கரும்பு விவசாயிகள் சங்கம் அதை எதிர்த்தது, இன்றும் எதிர்க்கிறது. கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதில் இரண்டு பக்கமும் உறவினர் இருப்பதால் பேச்சு சற்றுக் கடினம். வேலை போகும் என்ற அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை; என்றாலும் என் வாக்கு வரிக்கே. அந்த வரிப்பணம் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனியே ஒதுக்கப்படாமல் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடுவதுதான் என் மனத்தாங்கல்.

கேள்வி: தேர்தலில் நிற்காத ஒருவர் உலகத்தின் மருத்துவக் கொள்கையைத் தீர்மானிப்பது முறையா? (வெருலம்)

பதில்: முறையன்று, ஆனால் அவருக்கு அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்தவர்கள் தேர்தலில் நின்று வென்றவர்கள்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரவில் உறுப்பு நாடுகள் கட்டாயமாகக் கட்டும் சந்தா ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்துவந்தது. மீதி விருப்பக் கொடை. அதிலும் பெரும்பகுதி இந்த வேலைக்கு மட்டும் என்று குறி வைத்துக் கொடுக்கப்படுவது. அந்தப் பட்டியலில் நாடுகளுக்கு நடுவே கேட்ஸ் அறக்கட்டளை இரண்டாம் இடத்தில் வந்து நின்றது. போலியோவுக்குப் பணம் குவிவதும் பிரசவ மரணத்துக்குக் கை ஏந்துவதும் அப்படித்தான் நேர்கிறது. சந்தாவை உயர்த்த 2025இல் உறுப்பு நாடுகள் இசைந்திருக்கின்றன. காலம் கடந்த அறிவு என்றாலும் அறிவுதான்.

கொரோனாக் காலம் இதைத் தெளிவாகக் காட்டியது. தடுப்பூசிக் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டும் என்று 2020 அக்டோபரில் உலக வணிக அமைப்பில் கேட்டவை இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். கேட்ஸ் அதற்கு உடன்படவில்லை. அறக்கட்டளை தன் நிலையை ஓரளவு மாற்றிக்கொண்டது 2021 மே மாதத்தில். இடையில் நம் அரசு, ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசியை இந்தியாவின் சீரம் நிறுவனத்திடமிருந்து ஒன்று 5.25 டாலருக்கு வாங்கியது. ஐரோப்பிய நாடுகள் கொடுத்த விலையைப்போல் இருமடங்குக்கு மேல். வாங்கிவைத்ததும், இங்கு பரவிய திரிபுக் கிருமிக்கு அது சரியாகக் கேட்கவில்லை என்று தெரியவந்து நிறுத்தப்பட்டது வேறு கதை.

மாற்று வழியின் சிறு அறிகுறி ஒன்றும் தெரிகிறது. அமெரிக்கப் பணம் நின்றதும் தள்ளாடிய நம் மருத்துவ ஆராய்ச்சிக்கு, கேட்ஸ் அறக்கட்டளையும் வெல்கமும் 2025இல் தலா 10 கோடி ராண்ட் கொடுக்க முன்வந்தபோது, அதற்கு இருமடங்கை நம் கருவூலம் போட வேண்டும் என்பது பேச்சு. பெரும்பங்கு நம்முடையது என்றால் முடிவெடுக்கும் உரிமையும் நம்முடையதாக இருக்கும்.

கேள்வி: எங்கள் கோயில் குழுவில் நல்ல தொகை சேர்ந்திருக்கிறது. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்குமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: முதலில் வரி. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். சமயப் பணி மட்டும் செய்யும் கோயிலுக்கு அந்த ஒப்புதல் கிடைக்காது. மருத்துவ, சமூகப் பணி செய்யும் தனி அறக்கட்டளைக்குக் கிடைக்கும். உங்கள் குழுவில் அப்படி ஒன்று இல்லையென்றால், ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற அமைப்பு ஒன்றின் வழியாகக் கொடுப்பதே எளிது. சான்றிதழில் 18ஏ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அது ஓட வேண்டும். ஒருமுறைக்கு 120 லிட்டர் அளவில், சாதாரணக் குழாய் நீரல்ல, தனியே சுத்திகரித்த நீர் வேண்டும். ஒவ்வொரு முறையும் வடிகட்டியும் குழாய்களும் வேண்டும். பயிற்சி பெற்ற செவிலி பக்கத்தில் இருக்க வேண்டும். மின்தடை வந்தால் மாற்று மின்சாரம் வேண்டும். இயந்திரத்தின் விலை இந்தச் செலவுகளின் வாசற்படி மட்டுமே. உறை பிரிக்காமல் மருத்துவமனைக் கிடங்கில் கிடக்கும் நன்கொடைக் கருவிகளைப் பார்த்த எந்தப் பொறியாளரும் இதையே சொல்வார்.

அதே தொகையில் வேறு தேவைகளும் நிறைவேறலாம்: தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டி இரண்டுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட செல்சியஸில் நிற்காவிட்டால் உள்ளே இருப்பதை எறிய வேண்டும் என்பதால், அதற்கொரு மின்கலத் துணை, சர்க்கரை நோயாளிகளின் கால் பரிசோதனைக்கு வாரம் ஒருநாள் வரும் செவிலிக்கு மூன்றாண்டுச் சம்பளம், கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் முதியவர்களை ஏற்றிவரும் வண்டிச் செலவு. எது வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதி, அவருடைய தேவைப் பட்டியலைக் கேளுங்கள். அதன் பிறகும் இயந்திரம்தான் என்று முடிவானால், பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, அதன்பின் பணம் யாருடையது, செவிலி யார், நீர்ச் சுத்திகரிப்புக்கு இடம் எங்கே என்ற நான்குக்கும் மாகாணச் சுகாதாரத் துறையிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகே விற்பனையாளருக்கு முன்பணம் கொடுங்கள்.